தூசியோடு விற்ற கார்

இத்தாலியில் மரனெல்லோ என்றொரு சிற்றூர். ஃபெராரி கார்கள் பிறக்கும் ஊர். கம்பெனியின் 70-வது ஆண்டையொட்டி, 2017 செப்டம்பர் 9 அன்று ஆர்.எம். சாத்தபீஸ் என்ற ஏல நிறுவனம் அங்கே ஓர் ஏலம் நடத்தியது. முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மெருகேற்றிய கார்கள் வந்திருந்தன. அவற்றோடு ஒன்று மட்டும் கழுவாமல், துடைக்காமல் வந்திருந்தது. விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. அது 18 லட்சத்து 7 ஆயிரம் யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 14 கோடி ரூபாய்.

இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு வாளித் தண்ணீருக்கா அங்கே பஞ்சம்?" என்றுதான். நியாயமான கேள்வி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பதில் கொஞ்சம் நீளம்.

காரின் பெயர் 365 ஜி.டி.பி./4. உலகம் அதை 'டேடோனா' என்றே கூப்பிடுகிறது. 1967-இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி அள்ளியது. அடுத்த வருஷம் பாரிஸ் கண்காட்சியில் இந்தக் கார் வெளிவந்தபோது பத்திரிகைக்காரர்கள் அந்தப் பெயரை இதற்கு ஒட்டிவிட்டார்கள். மூக்குக்கு அடியில் 4.4 லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின். அதற்குப் பெட்ரோல் ஊட்ட ஆறு வெபர் கார்புரேட்டர்கள். 352 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. பக்கத்து ஊர் லம்போர்கினி அதற்குள் என்ஜினை நடுவில் வைத்து மியூராவைக் கொண்டுவந்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்திருந்தது. ஃபெராரி அசரவில்லை, என்ஜினை முன்னாலேயே வைத்தது. நீண்ட மூக்கு, பின்னுக்குத் தள்ளிய கூரை, பட்டென்று வெட்டிவிட்ட வால் என்று அதற்கு உருவம் கொடுத்தவர் பினின்ஃபரினா நிறுவனத்தின் லியோனார்டோ ஃபியோரவான்டி. 1973 வரை கூரை வைத்த டேடோனா சுமார் 1,300 செய்தார்கள். அரிய கார்தான், ஆனால் கிடைக்காத கார் இல்லை.

அப்படியானால் தூசி படிந்த அந்த ஒன்றில் என்ன விசேஷம்? சேஸிஸ் நம்பர் 12653. 1969-இல் செய்தது. மற்ற டேடோனாக்களின் உடல் எஃகு. கதவு, பானெட் போன்ற சில மூடிகள் மட்டும் அலுமினியம். இந்தக் காருக்கு உடல் முழுக்க அலுமினியம். பந்தயத்துக்கென்று அலுமினிய உடலோடு சில கார்கள் செய்தார்கள். சாலையில் ஓட்டுவதற்கு என்று செய்தது இது ஒன்றே என்பது ஏல நிறுவனம் சொன்ன கணக்கு. முதல் சொந்தக்காரர் லூச்சியானோ கோன்டி. 'ஆட்டோஸ்பிரின்ட்' என்ற கார் பந்தயப் பத்திரிகையை நடத்தியவர், என்ஸோ ஃபெராரியின் நண்பர். 1971-இல் கார் ஜப்பானுக்குக் கப்பல் ஏறியது. அங்கே கைமாறிக் கைமாறி, 1980-இல் ஒருவரிடம் வந்து சேர்ந்து, அவருடைய கொட்டகையில் அப்படியே நின்றுவிட்டது. ஏலத்துக்கு வந்தபோது மீட்டரில் 36,390 கிலோமீட்டர். நம் ஊரில் கால் டாக்ஸி ஆறு மாதத்தில் ஓடிவிடும் தூரம்.

எங்கள் பகுதியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் இந்தக் காரின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கி, மூலை மூலையாகத் தள்ளிப் பார்த்தார். "பாடி நல்லாத்தான் சார் இருக்கு. ஒரு மாசம் குடுங்க, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றார். செய்துவிடுவார், அவர் கை அப்படி. "அப்படி ஆக்கினா விலை குறைஞ்சிரும்ணே" என்று சொன்னதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் பார்த்தது தப்பில்லை. பழைய காரைப் புதுசாக்குவதுதான் மரியாதை என்று மேல்நாட்டுப் பணக்காரர்களும் வெகுகாலம் நம்பினார்கள். கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்ற இடத்தில் ஆண்டுதோறும் புல்தரையில் பழங்கார்களை நிறுத்திப் போட்டி வைப்பார்கள். இந்த உலகில் அதுதான் மகுடம். அங்கே பரிசு வாங்க வேண்டுமென்றே கார்களை அக்கக்காகக் கழற்றி, கம்பெனியில் பிறந்தபோது இருந்ததைவிடப் பத்து மடங்கு பளபளப்பாக்கிக் கொண்டுவருவார்கள். அடிவயிற்றில் இருக்கும் போல்ட்டுக்குக்கூடப் பாலிஷ். இப்படி ஒரு காரைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மணி நேர உழைப்பு பிடிக்கும். காசு கொட்டிச் செய்ததை வீண் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆனால் அந்த வேலையில் என்ன தொலைகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

டேடோனாவின் உடல் மொடேனாவில் ஸ்காலியெட்டியின் பட்டறையில் உருவானது. அந்தப் பட்டறை பேர் வாங்கியதே அலுமினிய வேலையில்தான். தகட்டை மணல் மூட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து, சட்டத்தோடு பொருத்திப் பார்த்து, சரியில்லையென்றால் திரும்பத் தட்டுவார்கள். அளவுகோலைவிடக் கண்ணை அதிகம் நம்பிய ஆட்கள். அதனால் அந்தக் காலத்து இத்தாலியக் கார்களில் இடது மட்கார்டும் வலது மட்கார்டும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருக்காது. கதவு இடுக்கு மேலே கொஞ்சம் அகலம், கீழே கொஞ்சம் குறுகல். பார்வைக்குத் தெரியாத உட்புறத்தில் சுத்தியல் தடங்கள் அப்படியே நிற்கும். வேலை செய்தவர் கிரீஸ் பென்சிலால் கிறுக்கிய எண்கள்கூடச் சில கார்களில் மிஞ்சியிருக்கும்.

புதுப்பிக்கிறவர் என்ன செய்வார்? பெயிண்டை உலோகம் வரை சுரண்டுவார். கோணலைச் சமன் செய்வார். இடுக்கையெல்லாம் ஒரே அகலத்துக்குக் கொண்டுவருவார். மேலே இந்தக் காலத்துப் பெயிண்டை அடிப்பார். அது 1969-இன் பெயிண்டைவிடக் கனமானது, ஈரமாகவே இருப்பதுபோல் மின்னக் கூடியது. சீட்டுத் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுத் தோல் தைப்பார். முடிவில் கிடைப்பது அழகான கார், சந்தேகமில்லை. ஆனால் மொடேனா பட்டறைக்காரன் எப்படித் தட்டினான், எந்த அளவு பளபளப்பில் பெயிண்டை நிறுத்தினான் என்று அந்தக் காரிடம் இனிமேல் கேட்க முடியாது. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்த கோயில் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுவர் பளிச்சென்று ஆகிவிடும். கல்வெட்டு எழுத்து மழுங்கிப் போயிருக்கும். இங்கேயும் நடப்பது அதுதான்.

இந்த ஒப்புமை என் கற்பனை மட்டும் அல்ல. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா, 2012-இல் டூரின் சாசனம் என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களையும் நினைவுச்சின்னங்களையும் எப்படிப் பேண வேண்டும் என்று 1964-இல் எழுதிய வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி எழுதியதுதான் அது. அதன் சாரம் எளிது. முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, தேவைக்கு மேல் கை வைக்காதே, புதிதாகச் சேர்த்ததைப் புதிது என்று அடையாளம் தெரியும்படி சேர்.

சரி, ஒரு கார் நிஜமாகவே கை படாதது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த பகுதி இதுதான்.

முதலில் காந்தம். எஃகுக் கார் என்றால் துணி சுற்றிய சின்னக் காந்தத்தை உடல் மேல் ஓட்டுவார்கள். பட்டி பூசிய இடத்தில் பிடி தளரும். 12653 மாதிரி அலுமினியக் காரில் காந்தம் எங்கேயும் ஒட்டாது. அந்தக் காருக்கு அதுவே முதல் சான்று! பெயிண்டின் கனத்தை அளக்கத் தனிக் கருவி உண்டு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று காட்டிக்கொண்டே வந்து, திடீரென்று ஓரிடத்தில் பல மடங்கு எகிறினால் அங்கே என்றோ அடிபட்டிருக்கிறது. ஆனால் இத்தாலியக் கைவேலைக் கார்களில் பட்டறையிலேயே பட்டி பார்த்துத்தான் அனுப்பினார்கள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

அடுத்து ஓரங்கள். ரப்பர் பீடிங்கை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார்கள். அடியில் வேறு நிறமோ, பீடிங் மேலேயே பெயிண்ட் தூவலோ தெரிந்தால் கதை முடிந்தது. கதவுக் கீலின் திருகாணிகளை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒருமுறைகூட ஸ்குரூ டிரைவர் படாத திருகாணியின் வெட்டு கூர்மையாக இருக்கும். கழற்றி மாட்டியதில் அந்த விளிம்பு நைந்து, பெயிண்ட் உடைந்திருக்கும். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தேய்மானம். 36,000 கிலோமீட்டர் ஓடிய காரில் கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேயும், டிரைவர் சீட்டின் வெளிப்பக்கத் திண்டு எவ்வளவு நலுங்கும் என்பதற்கு அனுபவஸ்தர்களிடம் ஒரு மனக்கணக்கு இருக்கிறது. மீட்டர் ஒன்று சொல்லி, பெடல் வேறொன்று சொன்னால், அவர்கள் பெடலைத்தான் நம்புவார்கள்.

பிறகு எண்களும் காகிதங்களும். சேஸிஸில் பொறித்த எண், என்ஜினில் பொறித்த எண், கியர்பாக்ஸ் எண் மூன்றும் கம்பெனி பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஃபெராரி தன் பழைய ஏடுகளை வைத்து இதைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. இவற்றோடு பழைய ரசீது, சர்வீஸ் பில், காரோடு வந்த டூல்ஸ் பை, கையேடு. எல்லாவற்றையும்விடப் பெரியது பழைய போட்டோ. 12653-இன் படம் 1972-லேயே ஒரு ஜப்பானியக் கார் பத்திரிகையில் வந்துவிட்டது. விலை இத்தனை உயரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் எடுத்த படம். பொய் சொல்ல அதற்குக் காரணமே இல்லை.

இதுவரை சொன்னதில் தூசி எங்காவது வந்ததா? வரவில்லை. தூசியை நான் இந்தச் சந்தையின் நாடகம் என்றே நினைக்கிறேன். "இதோ, கொட்டகையைத் திறந்தோம், இப்படியே இருந்தது" என்று வாங்குகிறவரின் கண்முன் ஒரு காட்சியை ஓட்டுவதற்கு அது பயன்படுகிறது. அதற்கு மேல் அதற்கு மதிப்பு இல்லை. தூசி ஈரத்தை இழுக்கும். அழுத்தித் துடைத்தால் பெயிண்டைக் கீறும். காரை நேசிக்கிறவர் நிறையத் தண்ணீர் விட்டு, தேய்க்காமல், அதைக் கழுவிவிடுவதுதான் சரி. கை படாத பெயிண்ட் வேறு, கை படாத அழுக்கு வேறு.

பேணிய காருக்கும் கைவிட்ட காருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமென்றால் பிரான்ஸில் கிடைத்த பையோன் சேகரிப்பைப் பார்க்க வேண்டும். ரோஜே பையோன் லாரிப் போக்குவரத்துத் தொழில் செய்தவர். 1950-களிலிருந்து பழங்கார்களை வாங்கிக் குவித்தார், மியூசியம் வைக்க ஆசை. 1970-களில் தொழில் நொடித்தது. கொஞ்சம் கார்களை விற்றார். மீதி தோட்டத்தில் தகரக் கூரைகளுக்கு அடியில் நின்றன. கொடி ஏறியது, துரு தின்றது. எகிப்து மன்னர் ஃபாரூக்கிடம் இருந்த டால்போ-லாகோ ஒன்றும் அந்தக் கூட்டத்தில் சீரழிந்து நின்றது. ஆனால் இரண்டு இத்தாலியக் கார்களுக்கு மட்டும் மூடிய ஷெட் வாய்த்தது. ஒன்று மசெராட்டி. இன்னொன்று 1961-இன் ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா ஸ்பைடர், ஒருகாலத்தில் நடிகர் அலென் தெலோன் ஓட்டியது. அதன் மேல் பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பாரத்தில் டிக்கி மூடி நசுங்கியிருந்தது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கூரியல் நிறுவனம் ஏலம் விட்டபோது அந்த நசுங்கலோடு அது 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது.

அந்த ஏலத்தில் துரு தின்று ஓட்டையான கார்களையும் ஆசையாக வாங்கினார்கள். அவற்றையும் "அப்படியே விட வேண்டும்" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தரை உதிர்ந்துவிட்ட காரில் காப்பாற்ற என்ன மிச்சம்? அதைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் ஒரு ஏலத்தில், 1954-இன் ஃபெராரி 500 மொண்டியால் ஒன்று வந்தது. எரிந்து, நசுங்கி, கார் என்று சொன்னால்தான் தெரியும் என்ற நிலை. 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர். அங்கே வாங்கியது பொறித்த எண்ணையும், அதை வைத்து ஒரு காரை மறுபடி கட்டிக்கொள்ளும் உரிமையையும். அதையும் 12653-ஐயும் ஒரே மூச்சில் 'கொட்டகையில் கிடைத்த கார்' என்று சொல்வது ஏலக்காரர்களுக்கு வசதி, நமக்கு அல்ல.

ருசி எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு ஒரு செய்தி. பெபிள் பீச்சில் புதுப்பிக்காத கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்து வருஷங்கள் ஆகின்றன. ஆனால் ஒட்டுமொத்தப் போட்டியின் முதல் பரிசு பளபளா கார்களுக்கே போய்க்கொண்டிருந்தது. 2024-இல்தான் முதல்முறையாக, பெயிண்ட் உரிந்த, கை படாத ஒரு கார் அதை வாங்கியது. 1934-இன் புகாட்டி டைப் 59. பிரெஞ்சுக் கார்தான், என்றாலும் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த எத்தோரே புகாட்டி மிலான் நகரில் பிறந்தவர் என்பதை இத்தாலியர்கள் அன்று நினைவுபடுத்தாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

கை படாத கார் என்றால் எதையுமே தொடக் கூடாது என்று பொருளா? அப்படி ஒரு பயம் புதிதாக வாங்குகிறவர்களுக்கு வரும். டயர், பெல்ட், ஹோஸ், பேட்டரி, பிரேக் ரப்பர் எல்லாம் தேய்ந்து மாற்றுவதற்கென்றே செய்தவை. பல வருஷம் நின்ற காரில் பெட்ரோல் வார்னிஷ் போல இறுகி, கார்புரேட்டரின் சின்னத் துவாரங்களை அடைத்திருக்கும். டேடோனாவில் அப்படி ஆறு கார்புரேட்டர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும், எந்த நாட்டு எலியானாலும். இதையெல்லாம் பார்க்காமல் சாவியைத் திருகிவிடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, என்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டும் தடையில்லாமல் சுற்றினால், புது ஆயில், தனிக் கேனில் இருந்து புதுப் பெட்ரோல், அப்புறம்தான் ஸ்டார்ட். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு வைப்பது நல்ல பட்டறையின் பழக்கம். விரிசல் விட்ட தோலுக்குப் பதமான கொழுப்புப் பூச்சு போதும். தையல் விட்ட இடத்தில் மட்டும் தையல். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு பரவாமல் நிறுத்தினால் போதும்.

விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். பழைய தோலை வேறொரு காரிலிருந்து உரித்துத் தைப்பது, பெயிண்டை வேண்டுமென்றே தேய்த்து வயசாக்குவது எல்லாம் நடக்கிறது. ஒரு காலத்தில் பழசைப் புதுசாக்க வாங்கிய கூலியை, இப்போது புதுசைப் பழசாக்க வாங்குகிறார்கள்! இதில் பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் பிடிபடுவார்கள். பானெட் மேல் ஐம்பது வருஷ வெயில் தெரியும், அதே வெயில் டாஷ்போர்டில் தெரியாது. வயசு காரின் மேல் எல்லா இடத்திலும் ஒரேயடியாக ஏறுவதில்லை, ஆனால் ஏறுகிற விதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும். அதைக் கையால் செய்வது கஷ்டம்.

கடைசியாக, அந்த 14 கோடியில் கை படாமைக்கு எவ்வளவு, ஒரே அலுமினியச் சாலைக் கார் என்பதற்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். கத்தி வைத்து வெட்டிப் பிரிக்க முடியாது. எஃகு உடல் கொண்ட நல்ல டேடோனா அந்த ஆண்டுகளில் இதில் பாதி விலைக்கும் கீழே கிடைத்தது என்பதால், பெரும்பங்கு அலுமினியத்துக்குத்தான் என்பது என் ஊகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து மலைப்பாதையில் விரட்டி ஓட்டி, வழியில் மழை வந்தால் நனைந்து, கல் பட்டுக் கீறல் விழுந்தாலும் கவலைப்படாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு 12653 சரிப்படாது. அவர் நன்றாகப் புதுப்பித்த எஃகு டேடோனா ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். என்ஜின் அதேதான், சத்தமும் அதேதான், கீறல் விழுந்தால் டச்-அப் அடித்துக்கொள்ளலாம்.